எந்தக் கதவைத் தட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் டிவி பார்க்கும் பழக்கம் குறைந்து வருவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இளைஞர்கள் செல்போனுக்குள் போய்விட்டார்கள், வயதானவர்கள்தான் டிவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. எழுதியவர் பெரிய நகரத்துக்காரராக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் நடந்தது கிட்டத்தட்டத் தலைகீழ்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் கேபிள்காரன். ஒரு காலத்தில் 410 வீடுகளுக்கு இணைப்பு கொடுத்தேன். இன்று கேபிள் 130, அதே கம்பங்களில் ஃபைபர் இழுத்துக் கொடுத்த நெட் 260. நெட் வாங்கிய வீடுகளில் டிவிப் பெட்டியை விற்றவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். மற்ற வீடுகளில் பெட்டி பெரிதாகித்தான் இருக்கிறது. 21 அங்குலக் குண்டு டிவி இருந்த மேசையில் இப்போது கிறிஸ்துமஸ் குடில் வைக்கிறார்கள், சுவரில் 43 அங்குலம் தொங்குகிறது. பெட்டி சாகவில்லை. அதற்குள் ஓடுவது மாறிவிட்டது. அதை முதலில் மாற்றியது சின்னப் பிள்ளைகள் அல்ல, பாட்டிமார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டுவதானால் நடுவில் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் உங்களிடம் கேட்பதை மட்டும் வெட்டாதீர்கள்.

1985 ஜனவரி 1-ல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியபோது நான் ஒரு ரிப்பேர் கடையில் எடுபிடி. ஓட்டின் மேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவதுதான் வேலை. கீழேயிருந்து "தெரியுது... போச்சு... கொஞ்சம் இந்தாலே" என்று குரல் வரும். வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம். கிழக்கே திருப்பி பூஸ்டர் போட்டால் இலங்கையின் ரூபவாஹினி. சென்னைதான் வராது. தமிழ்நாடு வெள்ளிக்கிழமை தோறும் ஒளியும் ஒலியும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் மலையாளச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தோம். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகும் எங்கள் மேட்டில் புள்ளியும் கோடுமாகத்தான் தெரிந்தது. சன் டிவி 1993 ஏப்ரல் 14-ல் வந்தது. அடுத்த வருடமே தங்கச்சியின் நகையை அடகு வைத்து டிஷ் போட்டேன். அந்த நகையை மீட்டுக் கொடுத்துவிட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன், அவள் இந்தப் பத்திரிகை வாசகி.

கேபிள்காரன் என்றால் இடிக்கும் பயந்தவன், மரத்துக்கும் பயந்தவன். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. ஐப்பசி இடியில் ஒரே ராத்திரியில் நாலு ஆம்ப்ளிஃபையர் எரிந்ததுண்டு. ஃபைபரில் ஓடுவது வெளிச்சம், கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, அதனால் அந்தத் தொல்லை குறைந்தது. பதிலுக்கு அணில் வந்தது. கடித்துத் துப்பிவிட்டுப் போகிறது, நான் அறுந்த இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் நடக்கிறேன்.

ரப்பர் தோட்டம் என்றதும் ஒன்று. டிவிக்காரர்கள் வைத்த நேரம் எங்கள் ஊருக்கு ஒருநாளும் பொருந்தியதில்லை. இரவு ஒன்பது மணி சீரியல் யாருக்காக? காலை பத்து மணிக்கு ஆபீஸ் போகிறவருக்கு. ரப்பர் பால் வெட்டுகிற தொழிலாளி விடியற்காலம் நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர், எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். கடலுக்குப் போகிறவருக்கு நேரமே கிடையாது. மாதக் காசு கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் படத்தைத் தவிர வேறு எதையும் முழுசாகப் பார்க்காத எத்தனையோ பேர் என் கணக்கு நோட்டில் இருந்தார்கள். கையில் நெட் வந்ததும் முதலில் விடுதலையானவர்கள் இவர்கள்தான். பால் எடுத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டுவிட்டு, பதினொரு மணிக்குத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து நேற்றைய எபிசோடைப் பார்க்கிறார்கள். இது கெட்டுப்போவதா?

அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், வேலை செய்யும் ஒரு அக்கா நெட் ரீசார்ஜ் கேட்டு வந்தபோது, "இவ்வளவு ஜிபி என்ன பாக்கியக்கா?" என்று கேட்டேன். "நான் எங்கடே பாக்கேன், கேக்கத்தான் செய்வேன்" என்றார். முந்திரி உடைக்கும்போது கையெல்லாம் சாம்பலும் கொட்டை எண்ணெயும். போனைத் தொட முடியாது. காலையில் ஒன்றைப் போட்டுவிட்டு மடிப்பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். அது முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். சீரியலில் தொடங்கி, சமையல், பிரசங்கம், யாரோ நாலு பேர் கத்தும் அரசியல் விவாதம், நாட்டு வைத்தியம் என்று சாயங்காலம் வரை. "எது வருதோ அதக் கேப்போம்" என்றார். நான் அதை ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். முன்பு சென்னையில் ஒருவர் உட்கார்ந்து எட்டு மணிக்கு இது, எட்டரைக்கு அது என்று எங்களுக்காக முடிவு செய்தார். பிறகு ரிமோட் அக்காவின் கைக்கு வந்தது. இப்போது அது யார் கையிலும் இல்லை.

எங்கள் ஊர் வீடுகள் கேபிளை விட்டது செல்போன் மோகத்தால் மட்டும் என்று சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, மாதக்கணக்கில் நெட் இலவசமாகக் கிடைத்தது, வாஸ்தவம். ஆனால் அப்போது என் இணைப்பு பத்துக்கூடக் குறையவில்லை. குறைந்தது 2019-ல். அந்த வருடம் பிப்ரவரி 1 முதல் சேனலுக்குச் சேனல் விலை என்ற முறை வந்தது. 100 சேனலுக்கு அடிப்படை 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனல் வேண்டுமென்றால் அதன் மேல் தனி. வேண்டியதற்கு மட்டும் காசு கொடு என்பது கேட்க நல்ல கொள்கைதான். எங்கள் மாவட்டத்துக்கு அது எப்படி வந்து விழுந்தது என்று பாருங்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டுக்கு வீடு தமிழும் மலையாளமும். அப்பா தமிழ்ச் செய்தி கேட்பார், மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்த மருமகள் மலையாள சீரியல் பார்ப்பாள். தொகுப்புகளை மொழிவாரியாகக் கட்டினார்கள். எங்களுக்கு இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் காசு. ஒவ்வொரு திண்ணையிலும் விலைப்பட்டியலோடு உட்கார்ந்து நான் கணக்குச் சொன்னேன். 1956-லிருந்து கன்னியாகுமரி தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆனாலும் மலையாளத்தை வெட்டினால் மருமகளின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே. பல வீடுகளில் முதலில் மலையாளத்தை நிறுத்தினார்கள். அதைப் போனில் யூடியூபில் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆறு மாதத்தில் தமிழும் அங்கேயே இருக்கிறதே என்று மிச்சத்தையும் நிறுத்தினார்கள். இன்று என் நெட் திட்டம் 499, வரியோடு 588 ரூபாய் 82 காசு. கேபிளைப் போல மூன்று மடங்குக்கும் மேல். முணுமுணுக்காமல் கொடுக்கிறார்கள்.

சரி, பாட்டிமார் கதைக்கு வருகிறேன்.

2020-ல் ஊரடங்கு. ஏப்ரல் 12 ஈஸ்டர். கோயில் பூட்டிக்கிடக்க, பங்குச் சாமியார் ஒற்றை ஆளாகப் பூசை வைக்க, பிள்ளைகள் செல்போனில் பிடித்து யூடியூபில் விட்டார்கள். பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர், வயது எண்பது, என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். "மக்களே, அந்தக் குட்டிப் பெட்டியில சாமியாருக்க மொகம் தெரியல்ல. பெரிய பெட்டியில காட்ட முடியுமா?" டிவியில் நெட் ஓட வைக்கும் ஸ்டிக் ஒன்றை வாங்கிச் செருகிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் டிவிக்குள் யூடியூப் நுழைந்தது அந்த வீட்டில்தான். அந்த மாதத்தில் மட்டும் முப்பது ஸ்டிக் செருகினேன், எல்லாம் அறுபது தாண்டியவர்களின் வீடு. பேரப்பிள்ளைகளுக்குப் பெரிய திரை தேவையே இல்லை, அவர்கள் போர்வைக்குள்ளேயே பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் அடக்கங்கள் வந்தன. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில், குவைத், மஸ்கட், துபாய், இப்போது நர்சுப் பிள்ளைகள் அயர்லாந்து வரை போகிறார்கள். விமானமும் இல்லை. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த பையன்கள் அடக்கத்தை லைவ் விட ஆரம்பித்தார்கள். ஒரு தாயின் அடக்கத்தை நானே லைன் சரிபார்த்து ஓட விட்டேன். அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டு டிவியில் முக்காடு போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். திரையின் ஓரத்தில், பார்ப்பவர்கள் 86 என்று இருந்தது. கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. குவைத்திலிருந்து மகன் 'அம்மா' என்று மட்டும் நாலைந்து தடவை போட்டிருந்தான்.

ஜெபம் முடிந்து ஆமென் சொல்லி யாரும் எழுந்திருக்கவில்லை, அதற்குள் அடுத்ததாக ஒரு காமெடி ஓட ஆரம்பித்துவிட்டது. இழவு விழுந்த வீட்டிலும் அதே பெட்டி, அதே காமெடி. நான் பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கினேன். மூத்த மகள் என்னைப் பார்த்துக் கத்தினாள். வேறு யாரைப் பார்த்துக் கத்துவாள்?

இதை நினைக்கும்போதெல்லாம் என் லோக்கல் சேனல் ஞாபகத்துக்கு வரும். 2000-க்குப் பிறகு கொஞ்ச காலம் எல்லாக் கேபிள்காரர்களையும் போல நானும் ஒன்று நடத்தினேன். கோயில் திருவிழா, அம்மன் கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா, கீழே ஓடும் எழுத்தில் ஜவுளிக்கடை விளம்பரமும் இறப்பு அறிவிப்பும். ஒரு தடவை ஒரே பெயர், ஒரே ஊர், இரண்டு பேர். இறந்தவரின் வீட்டுப்பேருக்குப் பதில் உயிரோடு இருக்கிறவரின் வீட்டுப்பேரைப் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் ஆள் சைக்கிளில் வந்து கன்ட்ரோல் ரூம் வாசலில் நிற்கிறார். "எடே மக்களே, நான் செத்தாச்சுன்னு போட்டியாமே. அப்ப இந்த மாசக் காசு யாருகிட்ட வாங்குவ?" மூன்று நாள் திருத்தம் ஓட விட்டேன். ஆறு மாதம் காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் இருபது வருடம் இருந்தார், பார்க்கும் இடத்திலெல்லாம் "பரலோகத்துல கேபிள் சரியில்லடே" என்பார்.

தப்பு செய்தேன். ஆனால் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. 1995-ல் வந்த கேபிள் சட்டப்படி நான் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்தவன். காட்டக் கூடாததைக் காட்டினால் மாவட்ட ஆட்சியர் ஆள் அனுப்பி மெஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம். அந்தப் பயம் எங்களுக்கு இருந்தது, இருந்தது நல்லதுதான். இணையத்தில் செய்தி போடுகிறவர்களுக்கும் 2021-ல் விதிகள் வந்தன, குறை கேட்க ஓர் அலுவலர் வேண்டும் என்று அதிலும் இருக்கிறது. அந்த அலுவலரை அண்டி ஆபீஸ் அக்கா எங்கே போய்த் தேடுவார்?

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நான் பொய்யன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் மாவட்டத்தில் அன்று சாயாத மரம் கிடையாது. கரண்ட் இல்லை, கேபிள் இல்லை, என் ஒயர் முழுவதும் ரோட்டில் கிடந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்றே வெளியில் யாருக்கும் தெரியாது. சென்னை டிவிகளில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ஓடிக்கொண்டிருந்ததாக வெளியூர் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். காணாமல் போனவர்களின் பட்டியலைப் பங்குக் கோயில் வாரியாக எழுதி, சார்ஜ் இருந்த போன்களில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள் கடற்கரைப் பிள்ளைகள். அது ஃபேஸ்புக்கில் பரவிய பிறகு, டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான், கேமராக்கள் நாலாபக்கமிருந்தும் வந்தன. அந்தப் பத்து நாளில் எங்களுக்குத் தொலைக்காட்சியாக இருந்தது செல்போன்தான். அதனால் சமூக ஊடகத்தை யாராவது மொத்தமாகத் திட்டினால் எனக்குக் கோபம் வரும்.

அதே செல்போனில்தான் 2021 நவம்பர் வெள்ளத்தின்போது ஒரு குரல் பதிவு வந்தது. அணை போய்விட்டது, ராத்திரிக்குள் தண்ணீர் வரும் என்று ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். ஆற்றோரத்தில் இருக்கும் என் மாமியார் நடுராத்திரியில் ஆடு இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மழையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பேசியது யார், எந்த ஊர், எந்த வருடத்து அழுகை, இன்றுவரை தெரியாது.

நடுவில் இன்னொன்று சொல்ல வேண்டும், தொழில் தெரிந்தவன் என்பதால். சாட்டிலைட் என்பது மழை மாதிரி. ஒரு வீடு பிடித்தாலும் லட்சம் வீடு பிடித்தாலும் மழைக்குக் கூடுதல் செலவு இல்லை, யார் வீட்டுப் பானை நிறைந்தது என்று வானத்துக்குத் தெரியவும் தெரியாது. அதனால்தான் டிவி ரேட்டிங் எடுப்பவர்கள் நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் மீட்டர் வைத்து, அதைக் கொண்டு மிச்சத்தைக் கணக்குப் போடுகிறார்கள். நெட் என்பது குழாய். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகத் தண்ணீர் போக வேண்டும், ஒவ்வொரு சொட்டும் எண்ணப்படும். ஒரு மணி நேரம் நல்ல தெளிவில் பார்த்தால் இரண்டு மூன்று ஜிபி. 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள் என்றால், 5.9 கோடி குழாய் திறந்திருந்தது என்று அர்த்தம். அன்று சந்திப்பு டீக்கடையில் கேபிள் ஓடியது, எதிரே மொபைல் கடையில் போனில் ஓடியது. டீக்கடையில் தலையில் கை வைத்த பிறகு மொபைல் கடைக்காரர்கள் "என்னாச்சு?" என்று எட்டிப் பார்ப்பார்கள், அங்கே இன்னும் பந்துவீச்சாளர் ஓடி வந்துகொண்டிருப்பார். தோல்விகூட இரண்டு தடவையாக வந்தது.

எந்த வீட்டுக்கு எது பிடிக்கும் என்று அந்தக் குழாய்க்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கும்தான் தெரிந்திருந்தது, நான் வசூலுக்குப் போகும்போது திண்ணையில் சொன்னார்கள். வித்தியாசம், நான் தெரிந்துகொண்டதை வைத்து மறுநாள் அவர்களுக்கு விஷம் குடிக்கச் சொல்லும் நாட்டு வைத்தியரைக் காட்டவில்லை. இப்போது யாரும் முழு விவாதமோ முழு சீரியலோ பார்ப்பதில்லை. ஒருவர் மேசையைத் தட்டிய நாற்பது நொடி போதும், மாமியார் மருமகளைத் தள்ளிவிட்ட ஒரு நிமிடம் போதும். அது வெட்டப்பட்டு, பாட்டு ஒட்டப்பட்டு எல்லோர் கைக்கும் வருகிறது. வெட்டியவர் யார் என்று மட்டும் தெரிவதில்லை.

இனி உங்களிடம். உங்கள் பத்திரிகை முப்பத்தைந்து வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிறது. ஒரு ஊர்ப் பெயர் தப்பாகப் போனால் மறுநாள் கட்டம் கட்டித் 'திருத்தம்' போடுகிறீர்கள். அதே பத்திரிகைக்கு யூடியூபும் இருக்கிறது. போன மாதம் எங்கள் பக்கத்துப் பாலம் ஒன்று 'இடிந்து விழுந்தது' என்று அதில் வந்தது. முகப்புப் படத்தில் இருந்தது எங்கள் பாலமே இல்லை. உண்மையில் உடைந்தது கைப்பிடிச் சுவர், அதுவும் லாரி இடித்து. துபாயிலிருந்து என் மகன் பதறிப்போய் ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டான், நான் பாலத்தின் மேல் நின்று வீடியோ காலில் காட்டினேன். உங்கள் வீடியோவின் கீழே நாலு பேர் தப்பென்று எழுதியும் பதில் இல்லை. இந்தக் கடிதத்தை எழுதும் இந்த நிமிடம் வரை அது அப்படியேதான் இருக்கிறது.

நான் கேட்பது இரண்டே விஷயம். எங்கள் மாவட்டத்தைப் பற்றிப் போடும் ஒவ்வொரு வீடியோவின் கீழும் எடுத்த நிருபரின் பெயரும், நாகர்கோவில் அலுவலக நம்பரும் போடுங்கள். தப்பாகப் போனால், பேப்பரில் போடுவதைப் போலவே திருத்தத்தை அதே வீடியோவின் தலைமேல் எழுதி, முகப்புப் படத்தை மாற்றுங்கள். மற்ற யூடியூப்காரர்களிடம் இதைக் கேட்க எனக்கு வழியில்லை, அவர்கள் வீட்டுக் கதவு எங்கே என்று தெரியாது. உங்கள் அலுவலகம் எங்கே என்று தெரியும். அடுத்த தடவை சைக்கிளில் வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
கேபிள்காரன்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.